குறட்டை நின்றுபோகும் நொடிகள்

மூன்று ஆண்டுகளாக நான் மருத்துவர்களிடம் சொல்லி வந்த குறை, நள்ளிரவில் அடிக்கடி விழிப்பு வந்துவிடுகிறது என்பதுதான். காலையில் எழும்போதே இருக்கும் தலைவலி, இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவது, இரண்டு மாத்திரை சாப்பிட்டும் இறங்காத இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒன்றோடொன்று தொடர்பில்லாத தொல்லைகளாகவே எண்ணியிருந்தேன். ஒரு மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். குறட்டையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குறட்டை விடுபவர் அசந்து தூங்குகிறார் என்றுதானே எங்கள் வீட்டில் சொல்லிப் பழக்கம்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் என் மனைவி. "குறட்டைச் சத்தம் திடீர்னு நின்னுடுதுங்க. நெஞ்சு மட்டும் ஏறி இறங்குது, மூச்சு வரல. அப்புறம் திணறி எழுந்திரிக்கிறீங்க" என்று சொல்லி, கைப்பேசியில் எடுத்த நான்கு நிமிடக் காணொளியைக் காட்டினார். மதுரையில் நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் அதைக் காட்டியபோது, அவர் என் பழைய அறிக்கைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அதையே இரண்டு முறை பார்த்தார். தூக்கத்தில் மூச்சு தடைபடும் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்ற நோயாக இருக்கலாம் என்றார்.

பிறகு எப்வொர்த் அளவுகோல் என்ற வினாத்தாளைத் தந்தார். படிக்கும்போது, பேருந்தில் போகும்போது, மதிய உணவுக்குப்பின் உட்கார்ந்திருக்கும்போது என்று எட்டுச் சூழல்களில் கண் அயரும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 24இல் 10க்கு மேல் போனால் பகல் தூக்கம் மிகுதி என்று பொருள். எனக்கு 16 வந்தது. கழுத்தின் சுற்றளவை அளந்தார், 43 செ.மீ. இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா என்றும் கேட்டார். அப்படி இருந்தால் அது அமைதியற்ற கால் நோயாக இருக்கலாம், அதற்கு முதலில் உடலின் இரும்புச்சத்து இருப்பைப் பார்க்க வேண்டும் என்றார். நாள்பட்ட தூக்கமின்மைக்குக்கூட முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, படுக்கை நேரத்தையும் தூக்கம் பற்றிய அச்சத்தையும் சீர்படுத்தும் நடத்தைச் சிகிச்சையே என்று அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி.

ஒரு வாரம் கழித்து, தூக்க ஆய்வுக்கூடத்தில் ஓரிரவு தங்கினேன். தலையிலும் கண்ணோரத்திலும் முகவாயிலும் கால்களிலும் மின்முனைகளை ஒட்டி, மார்பிலும் வயிற்றிலும் பட்டைகளைக் கட்டி, மூக்கில் காற்றோட்டம் அறியும் குழாயும் விரலில் ஆக்சிஜன் அளவியும் பொருத்தினார்கள். இத்தனை வயர்களோடு எப்படித் தூங்குவது என்று கவலைப்பட்டேன். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன். அதுவே ஓர் அறிகுறிதான் என்று தொழில்நுட்பர் காலையில் சொன்னார்.

மணிக்குச் சராசரியாக 42 முறை என் மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. குறைந்தது 10 நொடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். மணிக்கு 30ஐ எட்டினாலே கடுமையான நிலை. இரத்தத்தில் ஆக்சிஜன் 76 விழுக்காடு வரை இறங்கியிருந்தது. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபட, மூளை பதறி என்னை எழுப்பியிருக்கிறது. அதாவது நான் நோய் என்று நினைத்த விழிப்புதான் என்னைக் காத்துவந்திருக்கிறது. அந்த விழிப்பை மழுங்கடிக்கக்கூடிய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினேன் என்பதை எண்ணினால் இன்றும் மனம் பதறுகிறது. அடைபட்ட வழியில் மூச்சிழுக்க மார்பு போராடும்போது இதயத்தின் மேலறை விரிந்து, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறதாம். இரவில் கழிப்பறைக்கு நடந்த நடைக்கும் அதுவே காரணம்.

எடைக் குறைப்பு, கீழ்த்தாடையை முன்னிறுத்தும் பல் கருவி, அறுவைச் சிகிச்சை ஆகிய வழிகளும் உண்டென்றாலும், என் நிலைக்குச் சீபாப் கருவியே முதலில் தேவை என்றார் மருத்துவர். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட முறை இது: முகமூடி வழியாகச் செலுத்தப்படும் காற்றின் அழுத்தம் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. இன்னோர் இரவு ஆய்வில் எனக்குத் தேவையான காற்றழுத்தம் 11 என்று முடிவானது (இதை ‘செ.மீ. நீர்’ என்ற அலகில் அளக்கிறார்கள்).

முதல் மூன்று வாரங்கள் உண்மையிலேயே கடினம். வாயையும் மூடும் முகமூடியில் கண்பக்கம் காற்றுக் கசிந்தது, நாக்கு வறண்டது, நள்ளிரவில் அறியாமலே அதைக் கழற்றி எறிந்தேன். வாங்காமல் ஒரு மாத வாடகைக்கு எடுத்தது நல்லதாயிற்று. மூக்கை மட்டும் மூடும் முகமூடிக்கு மாறினேன். காற்றை ஈரமாக்கும் கலனில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றினேன். மாலையில் செய்தித்தாள் படிக்கும்போதே அரைமணி நேரம் அணிந்து பழகினேன். மின்தடைக்கென்று இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுத்தேன். நான்காம் வாரத்தில், எழாமல் விடியும்வரை தூங்கிய முதல் இரவு வந்தது. அன்று காலை தலைவலி இல்லை.

இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. கருவியின் பதிவில் அந்த 42 மூன்றாகக் குறைந்துள்ளது. இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்றை மருத்துவர் நிறுத்தியிருக்கிறார். கருவி நோயை நீக்கிவிடவில்லை, அணியாத இரவில் அது திரும்பிவிடும் என்பதால், ஊருக்குப் போனாலும் பையில் அதுவும் வருகிறது. சென்ற பொங்கலுக்கு அப்படிப் போனபோதுதான், பக்கத்து அறையில் அண்ணனின் குறட்டை நின்று நின்று வருவதைக் கேட்டேன். அண்ணியிடம் காணொளி எடுத்து அனுப்பச் சொன்னேன், மறுவாரமே வந்தது. அடுத்த வியாழக்கிழமை அண்ணனை அதே மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.