மூன்று அல்லிக் குளங்களும் பெரியப்பாவின் விரல் முட்டியும்

ஜப்பானின் மேற்கே, ஹொன்ஷூ தீவுக்கும் ஷிகோக்கு தீவுக்கும் நடுவே கிடக்கும் செட்டோ உள்கடலைச் சுற்றி பிரெஞ்சு ஓவியர் மோனே தீட்டிய அல்லிக் குளத்தை மூன்று ஊர்களில் பார்க்கலாம். குராஷிகியில் இருப்பது சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய அல்லி. நவோஷிமா தீவில் இருப்பது நிலத்துக்கு அடியில் வைத்த அல்லி. நருத்தோவில் இருப்பது மழையில் நனையும் அல்லி. கோபேயில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பாவையும் பெரியம்மாவையும் இந்த மூன்றுக்கும் அழைத்துச் செல்வது என்று முடிவானபோது, "ஒரே குளத்தை எதுக்குடா மூணு தரம் பாக்கணும்?" என்று பெரியப்பா கேட்டார். பெரியம்மா மட்டும், பூ பார்ப்பதற்குக் கணக்கு எதற்கு என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

பெரியப்பா வாழ்நாள் முழுவதும் கட்டட ஒப்பந்த வேலை பார்த்தவர். எந்தச் சுவரைக் கண்டாலும் நடுவிரலின் முட்டியால் இரண்டு முறை தட்டிப் பார்த்து, அந்த ஓசையை வைத்து உள்ளே செங்கல்லா, கான்கிரீட்டா, வெறும் பலகையா என்று சொல்லிவிடுவார். உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசங்களில் இந்தப் பழக்கத்தால் சில மனத்தாங்கல்களும் உண்டு. ஆகவே ரயிலில் ஏறியதுமே, இந்த ஊர் அருங்காட்சியகங்களில் எதையும் தொடக் கூடாது, உள்ளே பேனாகூட எடுக்கக் கூடாது, குறிப்பெழுத வேண்டுமானால் பென்சில்தான் என்றெல்லாம் சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டினார். கைவிரல்கள் அப்போதே ரயில்பெட்டியின் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தன.

குராஷிகியில் உள்ள ஓஹாரா கலை அருங்காட்சியகம் 1930இல் திறக்கப்பட்டது. மேலைநாட்டு ஓவியங்களுக்கென்று ஜப்பானில் தனியார் தொடங்கிய அருங்காட்சியகங்களில் அதுதான் முதலாவது. நெசவாலை முதலாளி ஓஹாரா மகோசபுரோ, தம் நண்பரான ஓவியர் கொஜிமா தொராஜிரோவை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படங்களை வாங்கிவரச் செய்தார். கொஜிமா மோனேயின் வீட்டுக்கே போய் அவரிடமே அல்லிப் படத்தை வாங்கி வந்தார் என்று நான் சொன்னதும், இடைத்தரகர் இல்லாமல் வாங்கியது நல்ல வேலை என்று பெரியப்பா பாராட்டினார். கொஜிமா 1929இல் காலமாக, அவர் நினைவாகவே மறு ஆண்டு ஓஹாரா இந்தக் கட்டடத்தை எழுப்பினார். முகப்பு கிரேக்கக் கோயிலைப் போலத் தூண்களோடு நிற்கிறது. தூண்கள் வெளியே இருந்ததால் நான் தடுப்பதற்குள் தட்டி முடித்துவிட்டார். உள்ளே ஓவியர் எல் கிரெகோவின் படத்துக்கு முன்னால் பெரியம்மா நெடுநேரம் நின்றார். பெரியப்பா அந்தப் படம் தொங்கிய சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அல்லி எப்படி என்று கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது, சின்னதாக இருக்கிறது என்றார்.

நவோஷிமாவுக்கு உனோ துறைமுகத்திலிருந்து படகில் இருபது நிமிடம்தான். சிச்சூ அருங்காட்சியகம் 2004இல் திறந்தது. வரைந்து கொடுத்தவர் கட்டடக் கலைஞர் ததாவோ ஆந்தோ. தீவின் இயற்கைத் தோற்றம் கெடக் கூடாது என்பதற்காகக் கட்டடத்தில் பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைத்திருக்கிறார்கள். பூச்சுவேலை இல்லாத வெறும் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே நீண்ட நடைபாதை சென்றது. பெரியப்பாவின் முகத்தில் அனுதாபம் தெரிந்தது. ஒப்பந்ததாரர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாரா என்று மெதுவாகக் கேட்டார். இப்படி விடுவதுதான் இவருடைய பாணி, உலகம் முழுக்க இதற்காகவே அவரைத் தேடி வருகிறார்கள் என்றேன். நம்பாமல் சுவருக்கு அருகே போனவர், சட்டென்று நின்றார். கான்கிரீட் இறுகும்வரை அணைத்துப் பிடிக்கும் சென்டரிங் பலகைகளின் தடம் அதில் பாய் விரித்ததுபோலத் தெளிவாகப் பதிந்திருந்தது: அகலம் 90 சென்டிமீட்டர், நீளம் 180, ஒவ்வொரு பலகைக்கும் ஆறு துளைகள், சுவர் முழுக்க ஒரே வரிசை, ஓரிடத்திலும் பிசகில்லை. ஓர் இணைப்பிலும் சிமென்ட் பால் ஒழுகியிருக்கவில்லை. "இது பூசாம விட்டதில்லடா, பூசத் தேவையில்லாம கட்டினது" என்றார். அவருடைய கை தன்னால் எழுந்தது. எங்கிருந்தோ வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் வந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, சுவரையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். படத்தைத் தொடக் கூடாது என்றால் சரி, சுவரையுமா என்று பெரியப்பா திகைத்தார். பிறகு, சுவருக்கும் காவல் போட்டிருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு பெருமையே வந்துவிட்டது. தொழிலுக்கு இவ்வளவு மரியாதை தரும் ஊரை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

மோனே அறைக்குள் செருப்பைக் கழற்றி, அவர்கள் தரும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அறையில் விளக்கே கிடையாது. மேலிருந்து கசிந்து வரும் பகல் வெளிச்சம்தான் ஐந்து அல்லிப் படங்களுக்கும் ஒளி. மேகம் நகர்ந்தால் குளமும் கறுக்கிறது. எதிரே உள்ள படம் மட்டும் இரண்டு மீட்டர் உயரம், ஆறு மீட்டர் அகலம். பெரியம்மா அதற்கு முன்னால் கைகூப்பிவிடுவாரோ என்று எனக்குத் தோன்றியது. பெரியப்பாவோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள வெள்ளைப் பளிங்குக் கட்டிகள், ஏறத்தாழ 7 லட்சம், ஒவ்வொன்றாகப் பதித்த தரை அது. பதித்த கொத்தனாரின் இடுப்பு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் அவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

அங்கேயே இன்னோர் அறையில், ஒளியை வைத்தே கலை செய்யும் ஜேம்ஸ் டரலின் படைப்பு ஒன்று இருக்கிறது. கறுப்புப் படிகள் சில ஏறி மேலே செல்கின்றன. படிகளின் முடிவில் சுவரில் நீலநிறச் செவ்வகம் ஒன்று, வண்ணம் அடித்த பலகையைப் போலத் தட்டையாகத் தெரிகிறது. ஒரு தடவைக்குச் சிலரை மட்டும் அனுப்புகிறார்கள். எங்கள் முறை வந்ததும் அங்கிருந்தவர், முன்னால் செல்லுங்கள் என்று கைகாட்டினார். எதிரே சுவர் இருக்கும்போது எங்கே செல்வது என்று பெரியப்பாவுக்கு விளங்கவில்லை. மூன்றாவது படியில் நின்று, தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற முடிவோடு விரலை மடக்கி நீட்டினார். மணிக்கட்டு வரை கை உள்ளே போனது. தட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பலகை என்று நாங்கள் கண்டது வெறும் ஒளி நிரம்பிய திறப்பு. அவர் கையை வெளியே எடுத்து, ஐந்து விரலும் இருக்கின்றனவா என்று திருப்பிப் பார்த்தார். பின்னால் நின்ற இளைஞர்கள் சிரிப்பை அடக்க மிகவும் சிரமப்பட்டார்கள். ஆனால் அவர்கள் முறை வந்தபோது அவர்களும் கையை நீட்டித்தான் உள்ளே போனார்கள் என்பதைப் பெரியப்பா எனக்குச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

தீவின் மறுபக்கம் ஹொன்முரா கிராமத்தில், டரலின் 1999ஆம் ஆண்டுப் படைப்புக்காக ஆந்தோ கட்டிய மினாமிதெரா என்ற மரக்கட்டடம் இருக்கிறது. அதற்குள் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், அப்படியொரு இருட்டு. வாசலில் நின்றவர், ஒரு கையைச் சுவரில் வைத்து, அதை எடுக்காமலே நடந்து வாருங்கள் என்று அறிவுறுத்தினார். நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது பெரியப்பா என்னை மறுபடியும் சொல்லச் சொன்னார். உள்ளே இருக்கையைத் தடவி உட்கார்ந்து சில நிமிடம் காத்திருந்தால், கண் பழகப் பழக, எதிரே மங்கலான ஒரு வெளிச்சச் சதுரம் மெல்லத் தெரியத் தொடங்கும். அது முதலிலிருந்தே அங்கே இருந்ததுதான். பெரியம்மாவுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. பெரியப்பா இருந்த பக்கத்திலிருந்து, அந்த அமைதியில், டொக் டொக் என்று இரண்டு ஓசை கேட்டன. நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டில் யார் என்று யாருக்குத் தெரியும்?

கடற்கரையில் ஜப்பானியக் கலைஞர் யயோய் குசாமா செய்த மஞ்சள் பூசணிக்காய்ச் சிற்பமும் உண்டு. 2021இல் புயலலை இழுத்துப் போய்விட்டதால், 2022இல் புதிதாகச் செய்து வைத்தார்கள். பெரியம்மா வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பக்கத்துத் தீவான தெஷிமாவுக்குப் போனது அல்லிக்காக அல்ல. அங்கே 2010இல் திறந்த அருங்காட்சியகத்தில் ஓவியமே கிடையாது. ர்யூஏ நிஷிசாவா வடிவமைத்த, ஒரு தூண்கூட இல்லாத, வெள்ளைக் கான்கிரீட் கூடு ஒன்று. 40 மீட்டருக்கு 60 மீட்டர். கூரையின் தடிமன் 25 சென்டிமீட்டர். அதில் வானம் பார்க்க இரண்டு பெரிய திறப்புகள். தரையிலுள்ள நுண்துளைகளிலிருந்து நீர்த்துளிகள் பிறந்து, ஓடி, ஒன்றோடொன்று சேர்ந்து, வேறோரிடத்தில் குட்டையாகத் தேங்குகின்றன. கலைஞர் ரெய் நைத்தோவின் படைப்பு அவ்வளவுதான். எல்லோரும் மூச்சுவிடாமல் அமர்ந்து அதைப் பார்த்திருந்தார்கள். பெரியப்பாவின் தொழிலில் தரையில் ஈரம் என்றால் ஒரே பொருள்தான். என் காதருகே வந்து, "ஒழுகுது" என்றார். அந்தக் கூட்டுக்குள் கிசுகிசுப்புக்கூடச் சுற்றிச் சுற்றி எதிரொலிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. எதிர்மூலையில் இருந்தவர் வரை திரும்பிப் பார்த்தார். அத்தனை பேரில் யாருக்கும் தமிழ் தெரியாதது எங்கள் நல்வினை.

வெளியே வந்ததும், இந்தக் கூரைக்குச் சென்டரிங் எப்படி அடித்தார்கள் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் கான்கிரீட் கொட்டி, இறுகிய பிறகு உள்ளேயிருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள் என்று படித்ததைச் சொன்னேன். படகுத்துறை வரை பெரியப்பா வேறு எதுவும் பேசவில்லை. வழியில் ஒரு மேட்டைக் கண்டபோதெல்லாம் நின்று பார்த்தார்.

கடைசியாக நருத்தோவின் ஓட்சுகா கலை அருங்காட்சியகம். 1998இல் திறந்த இந்த இடத்தில் அசல் படம் எதுவும் இல்லை. உலக ஓவியங்கள் ஆயிரத்துக்கு மேல், அசலின் அதே அளவில், பீங்கான் பலகைகளில் சுட்டு எடுத்து வைத்திருக்கிறார்கள். போரின்போது 1945இல் அஷியா நகரில் எரிந்துபோன, ஓவியர் வான்கோவின் சூரியகாந்திப் படம்கூட இங்கே மறுபடியும் பூத்திருக்கிறது. தேசியப் பூங்காவின் தோற்றம் கெடாதபடி மலையைக் குடைந்து கட்டியிருப்பதால், நீண்ட நகரும் படிக்கட்டில் ஏறித்தான் கூடத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இங்கே படம் எடுக்கலாம், மெதுவாகத் தொடவும் செய்யலாம் என்று நான் சொன்ன பிறகு அந்த நான்கு கிலோமீட்டர் நடக்கவில்லை. முதல் தளத்தைத் தாண்டவே பெரியப்பாவுக்கு நெடுநேரம் பிடித்தது.

கூரையெங்கும் ஓவியம் நிறைந்த வாடிகனின் சிஸ்டீன் தேவாலயத்தை அப்படியே எழுப்பிய கூடத்தில் எல்லோரும் கழுத்து வலிக்க மேலே பார்க்க, அவர் மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் பலகை இணைப்புகளை நகத்தால் வருடிக்கொண்டிருந்தார். இணைப்பைப் பற்றி அங்கிருந்த பெரியவரிடம் கேட்கச் சொன்னார், தயங்கிக் கேட்டேன். அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் இந்தக் கேள்விக்கே காத்திருந்தவர்போல மகிழ்ந்து, ஒரே பலகையை மூன்று மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம் வரை கோணலில்லாமல் சுட முடியும் என்று விளக்கினார். "அங்கயும் தொண்ணூறு, இங்கயும் தொண்ணூறு" என்றார் பெரியப்பா. இருவரும் பொது மொழி ஏதுமின்றியே கைகளால் அளந்து காட்டி வெகுநேரம் பேசிக்கொண்டார்கள்.

மோனேயின் அல்லிக் குளத்தை இங்கே திறந்தவெளியில் வைத்திருக்கிறார்கள். அன்று தூறலும் இருந்தது. நீர் வழியும் குளத்தின் மேல் பெரியப்பா உள்ளங்கையை வைத்தார், விரலை மடக்கினார், இரண்டு முறை தட்டினார். பின்புறம் காற்றிடம் இல்லை, நன்றாக ஒட்டியிருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். பெரியம்மா குடையைப் பிடித்தபடி, குராஷிகியில் பார்த்ததுதான் தனக்குப் பிடித்தது என்றார். இதைப் பார்த்தால் நனைந்த பூ நினைவுக்கு வராமல் துணி எடுக்க மறந்த மாடிதான் நினைவுக்கு வருகிறதாம்.

அன்றிரவு பெரியப்பா தாம் எடுத்த படங்களையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்றினார். எல்லாமே பலகை இணைப்புகள், மிக அருகிலிருந்து எடுத்தவை. சிலவற்றில் அளவுக்காக வைத்த அவருடைய கட்டைவிரலும் இருந்தது. முதல் பதில் சித்தப்பாவிடமிருந்து வந்தது: "குளியலறை ரொம்பச் சுத்தமா இருக்கே அண்ணா, எந்த ஓட்டல்?"