கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு: எந்தெந்த வளாகங்களுக்கு விண்ணப்பிப்பது?

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டுக்கு யூசிக்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றுக்கு, மாற நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "பெர்க்லி கிடைக்குமா?" என்றுதான். லிவர்மோர் கோவிலில் பார்க்கிற மாமாக்களும் அதையேதான் கேட்பார்கள். நான் டி ஆன்சா காலேஜில் படித்து மாறியவன். வளாகத்தின் பெயரை வைத்துத் தொடங்காமல் மேஜரை, அதாவது முதன்மையாகப் படிக்கப்போகும் துறையை, வைத்துத் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அதற்கு அசிஸ்ட் என்ற இணையதளம் இருக்கிறது. உங்கள் காலேஜ், போக நினைக்கும் வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால், அங்கே முதல் இரண்டு ஆண்டுக்கு என்னென்ன பாடம் கேட்கிறார்கள், உங்கள் காலேஜில் அதற்கு ஈடானது எது என்று காட்டும். இளநிலை நடத்தும் 9 வளாகங்களுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மேஜரின் பெயர் ஒன்றாக இருந்தாலும் கேட்கிற பாடங்கள் மாறும். லாஸ் ஏஞ்சலிஸில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் பிரிவுக்குள் இருப்பதால் கால்குலஸ் முழுவதும் முடித்து, இயற்பியலும் எடுத்திருக்க வேண்டும். நான் ஒரு பெரிய தாளில் வளாகங்களை மேலே வரிசையாகவும் பாடங்களைப் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் போட்டேன். எந்த வளாகங்களுக்கு ஏறக்குறைய ஒரே பாடங்கள் போதும் என்பது உடனே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வளாகத்துக்காக மட்டும் கூடுதலாகச் சில பாடங்கள் எடுக்க வேண்டியிருந்தது, அந்த வளாகத்தை அடித்துவிட்டேன். அம்மாவுக்குத்தான் மனசே ஆறவில்லை.

இன்னொன்று: இயற்பியல், கால்குலஸ் மாதிரித் தொடர் பாடங்களைப் பாதியில் வேறு காலேஜுக்கு மாற்றாதீர்கள். பல இடங்களில் தொடர் முழுவதையும் சேர்த்துத்தான் ஈடாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது டேக் எனப்படும் உத்தரவாதச் சேர்க்கை. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறில் ஒன்றுக்கு மட்டும் செப்டம்பரில் போடலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ மூன்றிலும் இது இல்லை. கேட்கும் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வளாகத்துக்கு வளாகம் வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் மாதிரித் துறைகளுக்குச் சில வளாகங்கள் டேக் தருவதே இல்லை. உங்கள் மேஜர் அதில் உண்டா என்று முதலில் பாருங்கள். "சும்மா பாதுகாப்புக்கு" என்று மனசுக்கு ஒட்டாத ஊருக்கு டேக் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மற்ற இடங்கள் கைவிட்டால் இரண்டு வருடம் அங்கேதான் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு மேஜர் மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கும் வேண்டாம். கூட்டம் அதிகமுள்ள துறைகளுக்குள் அப்படி நுழைவது கடினம்.

ஜிபிஏ விஷயத்தில் யூசி சொல்லும் குறைந்தபட்சம் கலிஃபோர்னியாவாசிகளுக்கு 2.4. அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். யூசி தகவல் மையத் தளத்தில் மாறி வந்தவர்களின் சேர்க்கை விவரம் வளாகம் வாரியாக, மேஜர் வாரியாக இருக்கிறது: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, கிடைத்தவர்களில் நடுப்பகுதியினரின் ஜிபிஏ எவ்வளவு என்று. உங்கள் ஜிபிஏ அந்த நடுப்பகுதிக்குள் வருகிற வளாகங்கள் பட்டியலில் இருக்கட்டும். அதற்கு மேலே ஆசைக்கு ஒன்றிரண்டு போதும். ஒவ்வொரு வளாகத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு, நான் பார்த்தபோது 80 டாலர். வருமானம் குறைவான குடும்பங்களுக்கு நான்கு வளாகங்கள் வரை கட்டண விலக்கு உண்டு.

கால் ஸ்டேட் (கலிஃபோர்னியாவின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பு) வளாகங்களை நம் வீடுகளில் இரண்டாம் தரமாகப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. சான் ஹோசே ஸ்டேட்டில் படித்துக்கொண்டே பக்கத்துக் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எளிதாகக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். அங்கே இடத்தை விட விண்ணப்பங்கள் அதிகம். வீட்டிலிருந்தே போய்வர முடிகிற ஒரு கால் ஸ்டேட்டைப் பட்டியலில் கட்டாயம் வையுங்கள். யூசியில் ட்யூஷனை விடத் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும்தான் அதிகம் ஆகிறது. அப்பாவிடம் பேசும்போது இந்தக் கணக்கையும் எடுத்துப் போனால் பேச்சு சுலபமாக முடியும்.

யூசி விண்ணப்பம் அக்டோபர் 1 முதல் நவம்பர் இறுதி வரை. சில ஆண்டுகளில் டிசம்பர் தொடக்கம் வரை நீளும். எஸ்ஏடி தேர்வு மதிப்பெண் பார்ப்பதில்லை. நான்கு கேள்விகளுக்குத் தலா 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும்; அதில் ஒன்று, மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது. கட்டம் போட்ட தாள் கையில் இருந்தால் அதற்குப் பாதிப் பதில் தயார். அனுப்பிய பிறகு ஜனவரியில் புது மதிப்பெண்களையும் அடுத்து எடுக்கப்போகும் பாடங்களையும் பதிவு செய்யச் சொல்வார்கள். டேக் போட்டவர்களும் அதைச் செய்தே ஆக வேண்டும்.