மயிலாடி சபையும் சிதம்பரத்துக்குப் போன மகராசனும்

குமரி மாவட்டத்துல சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில வளந்த எல்லாருக்கும் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் (பாதிரியாரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம்) பேரு தெரியும், சண்டே ஸ்கூல்லயே சொல்லிக் கொடுத்துருவாங்க. ஆனா அவரை இந்தப் பக்கம் வரச் சொல்லிக் கேட்டது யாருன்னு கேட்டா நிறைய பேருக்குப் பதில் வராது. வேதமாணிக்கம்தான் அவரு. மயிலாடிக்காரர். ஞானஸ்நானம் எடுக்குறதுக்கு முந்தி அவரு பேரு மகராசன். அவரோட கதை தெரிஞ்ச பிறகு மயிலாடி சபையில ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு உக்காரணும்னு ரொம்ப நாளா மனசுல கிடந்துச்சு, அம்மாவும் வாரேன்னு சொன்னாங்க, போன மாசம் ரெண்டு பேரும் கிளம்பிட்டோம்.

நாகர்கோவில்ல இருந்து அஞ்சுகிராமம் போற பஸ்ல ஏறினா சுசீந்திரம் தாண்டி வயலும் வாழையும் தென்னையுமா போயிட்டே இருக்கும், ஒரு பக்கம் மருந்துவாழ் மலை தெரியும். ரொம்ப தூரம் எல்லாம் இல்ல, அரைமணி நேரத்துக்கு கொஞ்சம் கூட ஆகும் அவ்ளோதான். இறங்கின உடனே காதுல விழுறது கல்லு வேலை சத்தம். மயிலாடி சிற்பம்னா தமிழ்நாடு கேரளா ரெண்டு பக்கமும் கோயில்காரங்களுக்கு நல்லாத் தெரியும், ரோட்டோரமே பட்டறைதான். ஞாயித்துக்கிழமையா இருந்தும் ரெண்டு மூணு இடத்துல வேலை நடந்துட்டு இருந்துச்சு. ஒரு பட்டறையில ஒரு அண்ணன் நந்தியோட கழுத்து மணியை செதுக்கிட்டு இருந்தாரு, கல்லு மேல செங்காவியால கோடு போட்டிருக்கு, அந்தக் கோட்டுக்கு ஒட்டின மாதிரி சின்ன உளியை வச்சு ரெண்டு தட்டு, தண்ணிய ஒரு கை அள்ளித் தெளிச்சு தூசிய தொடைக்கிறாரு, விரலால தடவிப் பாக்குறாரு, மறுபடியும் ரெண்டு தட்டு. அவரு முடி, மீசை, லுங்கி எல்லாம் வெள்ளையா கல்லுப்பொடி. நாங்க நின்னு பாக்குறத கண்டு சிரிச்சாரு, சர்ச்சுக்கு வழி கேட்டதுக்கு எந்திரிச்சு வெளிய வந்து கையைக் காட்டி சொல்லிட்டுத்தான் திரும்பிப் போனாரு.

இப்ப மகராசன் கதைக்கு வரேன். இவரு சாம்பவர் சமூகம், பழைய மிஷன் எழுத்துல எல்லாம் பறையர்னு இருக்கும். அன்னைக்குத் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல அந்த ஜனங்க கோயில் வீதியில நடக்க முடியாது, மேல்சாதிக்காரங்க பக்கத்துல வர முடியாது, கூலி இல்லாம ஊழியம் செய்யணும். இப்பேர்ப்பட்ட காலத்துல இவரு சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்புறாரு, 1799 வாக்குல. துணைக்கு சொந்தத்துல ஒரு பையனையும் கூட்டிட்டுப் போறாரு. மயிலாடியில இருந்து சிதம்பரம் எங்க இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க, பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலம், அதுவும் தங்குற இடம் தண்ணி குடிக்கிற இடம் எல்லாத்துலயும் தள்ளி நில்லுன்னு சொல்ற காலம். நாளைப் போவேன் நாளைப் போவேன்னு நந்தனார் ஏங்கின அதே சிதம்பரம். கடவுளைப் பாக்கணும்ங்கிற தாகம் எவ்ளோ இருந்தா ஒரு மனுஷன் அப்படி நடப்பாருன்னு நினைச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது.

திரும்பி வர வழியில தஞ்சாவூர். அங்க அவரோட சொந்தக்காரங்க ஏற்கெனவே கிறிஸ்தவங்களா இருந்தாங்க. தஞ்சாவூர் சபைன்னா ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளத்த சபை, அவரு 1798-லயே இறந்துட்டாரு, அப்ப அங்க கோலாப் ஐயர் பொறுப்பு. அங்க பிரசங்கம் கேட்டு, கேட்டதையே நினைச்சு நினைச்சு, கடைசில கோலாப் ஐயர் கையால ஞானஸ்நானம் வாங்கி மகராசன் வேதமாணிக்கம் ஆனாரு. அதோட அங்கேயே தங்கியிருக்கலாம், தஞ்சாவூர்ல சபை இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, ஆதரவா சொந்தம் இருக்கு. ஆனா மனுஷன் கையில புஸ்தகத்தோட மயிலாடிக்குத் திரும்பி வந்துட்டாரு. வந்து வீட்டுக்காரங்க கிட்ட சொல்லி, சொந்தக்காரங்க கிட்ட சொல்லி, ஒரு சின்னக் கூட்டம் சேந்துச்சு. எதிர்ப்பும் சேந்தே வந்துச்சு. எங்களுக்கு ஒரு போதகரை அனுப்புங்கன்னு கேட்டுட்டே இருந்தவர் இவருதான். ஒரு வெள்ளைக்காரரும் மயிலாடியை எட்டிப் பாக்குறதுக்கு முந்தியே அங்க ஜெபம் நடந்துட்டு இருந்துச்சு. அம்மா கிட்ட பஸ்ல இதை சொல்லிட்டு வந்தேன், அவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல, பிறகு "அப்ப முதல் மிஷனரி நம்ம ஊர்க்காரருதானே"ன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது.

ரிங்கல்தௌபே ஐயர் ஜெர்மனி பக்கம் சைலீசியாவுல 1770-ல பொறந்தவரு, ஹாலேயில படிச்சவரு. லண்டன் மிஷன் சங்கம் அனுப்பி 1804 கடைசில தரங்கம்பாடி வந்து இறங்கி அங்க உக்காந்து தமிழ் படிச்சாரு. 1806 ஏப்ரல் 25, ஆரல்வாய்மொழி கணவாய் வழியா திருவிதாங்கூருக்குள்ள வராரு, மயிலாடி வராரு. ஆனா சர்ச் கட்ட சமஸ்தானத்து அனுமதி லேசுல கிடைக்கல. திருவிதாங்கூர்ல கம்பெனிக்காரங்க பிரதிநிதியா இருந்த ரெசிடென்ட் மெக்காலே துரை மூலமா கேட்டு, இழுத்தடிச்சு, அதுக்குள்ள திவான் வேலுத்தம்பி தளவாய் இங்கிலீஷ்காரங்களுக்கு எதிரா நடத்தின கலகம் வந்து, அது 1809 மார்ச் வாக்குல அடங்கின பிறகுதான் வேலை ஆரம்பிக்க முடிஞ்சுச்சு. அந்த 1809-லயே சர்ச் எழும்பிருச்சு. தென் திருவிதாங்கூர்ல முதல் புராட்டஸ்டன்ட் ஆலயம் அது. அதே வருஷம் பள்ளிக்கூடமும். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி இருக்குல்ல, அதோட வரலாறு 1809 மயிலாடி பள்ளிக்கூடத்துல இருந்துதான் ஆரம்பிக்குது, பின்னாடி அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்து நாகர்கோவிலுக்கு மாத்தினாரு. எங்க அம்மா வழியில முதல் முதல்ல எழுத்துக்கூட்டிப் படிச்ச பொம்பள எங்க பாட்டி, அதுவும் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல. அந்த வாசல் யாரால திறந்துச்சுன்னு யோசிச்சுட்டே நடந்தேன்.

இப்ப இருக்குற ஆலயத்துக்கு ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம்னு ரெண்டு பேரையும் சேத்து வச்சிருக்காங்க, அதப் பாத்ததும் மனசு நிறைஞ்சுச்சு. செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள போனோம். அம்மா போன உடனே முழங்கால் போட்டுட்டாங்க. நான் பக்கத்துல உக்காந்தேன். ஆராதனை ஆரம்பிச்சு கீர்த்தனை எடுத்தாங்க, முன்னாடி வயசான பொம்பளைங்க ஒரு கூட்டம், புஸ்தகமே பாக்காம சரணம் சரணமா பாடுறாங்க, பின்னாடி சின்னப் பசங்க தாளம் போடுறாங்க. எங்க ஊர்ல ராகம் கொஞ்சம் இழுத்துப் பாடுவோம், இவங்க கொஞ்சம் வேகமா போறாங்க, ரெண்டாவது சரணத்துல நானும் சேந்துட்டேன்.

காணிக்கை நேரத்துல ஒரு விஷயம் என் கண்ணுல பட்டு அப்படியே நின்னுருச்சு. எனக்கு முன்னாடி வரிசையில ஒரு பாட்டி, மடியில ஒரு சின்னத் துணிப்பை, நூல் சரடு போட்டு இறுக்கினது. அதுக்குள்ள கைப்பிடி அரிசி. தினமும் உலை வைக்கும்போது பானையில போடுறதுக்கு முந்தி ஒரு பிடி அள்ளி தனியா வச்சு, அதை சபைக்குக் கொண்டு வர்ற வழக்கம் எங்க ஊர்கள்ல தலைமுறையா இருக்கு, இப்ப நிறைய வீட்டுல விட்டுப்போச்சு, பணமா குடுத்துர்றாங்க. அந்தப் பாட்டி சரடை அவுத்து, பையைக் கவுத்து, அடியில ஒட்டின நாலு மணியையும் விரலை விட்டு வழிச்சு எடுத்துப் போட்டாங்க. கையில ஒண்ணுமே மிச்சம் வைக்கல. நம்ம சபைங்க இப்படித்தான் நின்னுச்சு, உபதேசியாருக்கு சம்பளம், கூரை மாத்துறதுக்கு ஓலை, எல்லாத்துக்குப் பின்னாடியும் அரை வயித்துக்குச் சாப்பிட்ட பொம்பளைங்க எடுத்து வச்ச பிடி அரிசி இருக்கு. அதைக் கண்ணால பாத்தப்ப எனக்குப் பிரசங்கத்தை விட அதுதான் பெருசா இருந்துச்சு, அம்மாவுக்கும் கண்ணு கலங்கிருச்சு.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா ஒரு பெரியவர் எங்களைப் புதுசா பாத்துட்டு "எங்க இருந்து வாறிய மக்ளே"ன்னு கேட்டாரு. சொன்னோம். வேதமாணிக்கம் ஐயா கதை கேக்கத்தான் வந்தோம்னு சொன்னதும் முகமே மாறிருச்சு அவருக்கு. "எல்லாரும் வந்து வெள்ளைக்கார ஐயரைத்தான் கேப்பாவ, நீங்க மகராசனைக் கேட்டு வந்திருக்கிய"ன்னு சொல்லி மர நிழல்ல நிக்க வச்சுப் பேச ஆரம்பிச்சுட்டாரு. அவரு திரும்பத் திரும்ப சொன்னது 1816-ஐப் பத்தி. அந்த வருஷம் உடம்பு முடியாம ரிங்கல்தௌபே ஐயர் கிளம்பிட்டாரு, அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்து சேந்தது 1818. நடுவுல? நடுவுல எல்லா சபைக்கும் பொறுப்பு வேதமாணிக்கம்தான். மயிலாடி மட்டும் இல்ல, தாமரைகுளம், புத்தளம், ஈத்தாமொழின்னு அதுக்குள்ள ஏழு இடத்துல சபை இருந்துச்சு. "ஆண்டவரு அவரு கையில குடுத்தாரு, அவரு ஒண்ணையும் விடல"ன்னு பெரியவர் சொன்னாரு. பக்கத்துல ஒரு மிஷனரியும் இல்லாம, நேத்து வரைக்கும் ஊரு வீதியில நடக்க விடாம தள்ளி வச்ச ஒரு மனுஷன் அத்தனை சபையையும் ரெண்டு வருஷம் தூக்கி நிறுத்தினாரு. பின்னாடி மத்த சமூகத்துக்காரங்களும், முக்கியமா நாடார் ஜனங்க, ஆயிரக்கணக்குல சேந்து குமரி மாவட்ட சபை இவ்ளோ பெருசாச்சு. ஆனா முதல் அடி யாரு வச்சாங்கன்னு எல்லா சபையிலயும் பிரசங்க மேடையில ஏறிச் சொல்லணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லணும். சாதி பாத்துப் பொண்ணு குடுக்குற சபைங்க இன்னும் இருக்குற ஊருல இதைச் சொல்லாம விடுறது பெரிய பாவம்னுதான் நான் நினைக்கிறேன்.

ரிங்கல்தௌபே ஐயரையும் குறைச்சுச் சொல்ல எனக்கு மனசு வராது. சம்பளத்தை அப்படியே ஏழைங்களுக்குக் குடுத்துட்டு இருந்த மனுஷன். ஊரை விட்டுக் கிளம்பி மெட்ராஸ் போனப்ப அவ்ளோ நீளக் கடல் பயணம் போகணும், போட ஒரு கோட்டு இல்ல, தலையில நம்ம ஊர்ல பின்னின வைக்கோல் தொப்பி மாதிரி ஒண்ணு, அவ்ளோதான்னு மிஷன் பதிவுலயே இருக்கு. அந்தப் பக்கம் கப்பல் ஏறினவரு அதுக்கப்புறம் எங்க இறந்தாரு, எங்க அடக்கம்னு யாருக்கும் தெரியாது. கல்லறை இல்லாத மனுஷன். அவரு பேரு மயிலாடியில நிக்கிறதே அவருக்குக் கல்லறைக் கல்லுன்னு பெரியவர் சொன்னப்ப நாங்க ரெண்டு பேரும் தலையாட்டினோம்.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு: ஞாயித்துக்கிழமை காலையில போங்க, ஆராதனையில உக்காருங்க, சும்மா போட்டோ எடுத்துட்டு வர்ற இடமா நினைக்காதீங்க. அப்படியே மருங்கூர் பக்கமும் ஊருக்குள்ளயும் கொஞ்சம் நடங்க, நல்லா இருக்கும். அம்மா இப்ப அடுத்த பயணத்துக்கு லிஸ்ட் போட்டுட்டாங்க, தஞ்சாவூர்ல சிவகங்கைப் பூங்கா பக்கத்துல இருக்குற சுவார்ட்ஸ் சர்ச், அங்க போயிட்டு அப்படியே சிதம்பரம். மகராசன் முதல்ல சிதம்பரம் போயிட்டுத்தானே தஞ்சாவூர் வந்தாரு, நாம திருப்பிப் போறோமேன்னு கேட்டேன். அதெல்லாம் ரயில் டிக்கெட் எப்படி கிடைக்குதோ அப்படிப் போவோம்னு சொல்லிட்டாங்க, மே மாச லீவுக்கு இப்பவே புக் பண்ணச் சொல்லியிருக்காங்க.