மடிப்பாக்கம் ஊராட்சி

அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது அப்பாவின் பழைய கோப்பில் ஒரு வீட்டுவரி ரசீது கிடைத்தது. குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தில் பழுப்பாக இறங்கியிருக்கிறது. ஓரத்தில் ஊதா மையில் முத்திரை: 'தலைவர், மடிப்பாக்கம் ஊராட்சி'. அதையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று வேளச்சேரி பக்கம் குடிவந்தவர்களுக்கு பக்கத்து மடிப்பாக்கம் கிராமமாக இருந்தது என்றால் நம்ப முடியாது. பரங்கிமலை ஊராட்சி ஒன்றியம், 1997 வரை செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம், பிறகு காஞ்சிபுரம். 2011 அக்டோபரில் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, மடிப்பாக்கம் உட்பட 25 ஊராட்சி ஒரே மூச்சில் சென்னை மாநகராட்சிக்குள் போயின. 174 சதுர கி.மீ. சென்னை 426 ஆனது. எங்களுக்கு மாவட்டம் மட்டும் 2018 வரை காஞ்சிபுரம்தான்! வரி கட்டியது சென்னைக்கு, வருவாய்த் துறை வேலைக்குக் காஞ்சிபுரம் மாவட்டம்.

ரோடும் விளக்கும் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஊராட்சி போனதோடு கிராம சபையும் போய்விட்டது. அப்போது குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருஷத்துக்கு நாலு தடவை, ஓட்டுரிமை உள்ள யாரும் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்க முடிந்தது. அதை நான் உண்மையாகவே இழப்பாக நினைக்கிறேன்.

ரசீதை லேமினேட் பண்ணக் கொடுத்திருக்கிறேன். கோட்டிவாக்கம், நீலாங்கரை, முகலிவாக்கம்காரர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஊராட்சி ரசீது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.