விட்டுப்போன ப்

நாகர்கோவிலில் ஒரு டிடிபி கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோவில் கொடை நோட்டீஸ், சர்ச் விழா மலர், நினைவஞ்சலி என்று எல்லாமே என் விரல் வழியாகத்தான் போகும். 1820களிலேயே மிஷனரிகள் அச்சுக்கூடம் நடத்திய ஊர் இது. அன்றைக்கு எழுத்துக் கோத்தவர் பேரை யாராவது கேட்டிருப்பார்களா என்று வேலை இல்லாத மதியங்களில் யோசிப்பேன்.

கடை மூடும் நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வலைப்பூ எழுதத் தொடங்கினேன். முதல் பதிவு பெரிய கூத்து. பழக்கத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டிவிட்டேன். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நின்றது. யூனிகோடுக்கு மாற்றி மறுபடி போட்டேன். மணமகன் பேருக்குப் பின்னால் பட்டம் வேண்டும், மணமகளின் பட்டம் மட்டும் வேண்டாம் என்று சொல்லும் வீடுகளைப் பற்றி எழுதியதுதான் அந்தப் பதிவு.

போன மாதம் வடசேரிப் பக்கம் ஒரு சின்ன ஹாலில், வலைப்பூ எழுதும் பெண்களுக்கான கூட்டம். முப்பது பேர் இருப்போம். தொடங்கி வைத்த அக்கா, அமெரிக்காவில் 2005இல் இதற்கென்றே பிளாக்ஹெர் என்று ஒரு மாநாடு தொடங்கியதைச் சொன்னார். 'பெண் பதிவர்கள் எங்கே?' என்ற கேள்வி அங்கே அடிக்கடி எழுந்ததாம். அதற்குப் பதிலாகத்தான் கூடினார்களாம். அப்புறம் ஒருவர், தலைப்பில் என்ன சொல் வைத்தால் கூகுளில் மேலே வரும் என்று ஒரு மணி நேரம் பேசினார். எனக்குக் கொட்டாவி.

டீயும் ரசவடையும் முடிந்தபின் குலசேகரத்திலிருந்து வந்த ஒரு மயினி எழுந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். விடியுமுன் வெட்டு முடித்து, மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்கி, மதியம் போனில் எழுதுவாராம். வலைப்பூவைத் திறந்து கொடுத்தது மகன், அவன் மின்னஞ்சலில். கடவுச்சொல் மறந்துபோனது, அதற்குக் கொடுத்த போன் நம்பரும் இப்போது இல்லை. "எழுதினது எல்லாம் அப்படியே கிடக்கு. ஒரு எழுத்துப்பிழை உண்டு, அஞ்சு வருசமா பாத்துக்கிட்டே இருக்கேன். திருத்த முடியல்ல."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். "சொந்த மின்னஞ்சலில் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார் அக்கா. பாதிக் கை தூக்கிய நான் இறக்கிக்கொண்டேன். என்னுடையது கடைக் கணக்கு. கடவுச்சொல்லைப் போன வருடமே முதலாளி என் கம்ப்யூட்டரில் இருந்தே மாற்றிவிட்டார். அதில் மட்டும் கணக்கு திறந்தபடி இருப்பதால் பிழைப்பு ஓடுகிறது.

வலைப்பூவைச் சொந்தக் கணக்குக்கு மாற்றும் வழி எளிதுதான். அதன் செட்டிங்ஸுக்குள் போய், சொந்த மின்னஞ்சலுக்கு எழுத்தாளர் என்று அழைப்பு அனுப்பி, ஏற்றுக்கொண்டபின் அதையே நிர்வாகியாக்க வேண்டும். பதிவுகள் மொத்தத்தையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளவும் சொன்னார்கள். முதலாளிக்குத் தெரியாமலே இதைச் செய்திருக்கலாம். அவர் கணக்கில் திருட்டுத்தனமாகக் கை வைக்க மனசு வரவில்லை. வலைப்பூ இருப்பதே அவருக்குத் தெரியாது. அதில் உடைந்த நாற்காலியை மாற்றித் தராத ஒரு முதலாளியைப் பற்றிய பதிவும் உண்டு.

திங்கட்கிழமை, "அண்ணாச்சி, ஒரு காரியம் கேக்கணும்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, நின்றபடியே அழைப்பிதழ்ப் பதிவை வாசித்தார். இளவயதில் ஈய எழுத்துக் கோத்தவர்; வாசிக்கும்போது உதடு அசையும். நாற்காலிப் பதிவு வரை இறங்கிவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கம்.

"பிள்ளே, இங்க பாரு. 'திருமணத்திற்கு பிறகு'ன்னு அடிச்சிருக்க. ப் எங்க?"

அவ்வளவுதான் சொன்னார். "மாத்திக்க, எனக்கு எதுக்கு அது" என்று கை காட்டிவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோக்காரரோடு பேசப் போய்விட்டார்.

அழைப்பு என் போனுக்கு வந்தது. ஏற்றுக்கொண்டு, நிர்வாகியாகி, என் கணக்கிலிருந்தே உள்ளே போனேன். அந்த ப்பைப் போட்டேன்.