கூடத்துத் தரை: டைல்ஸுக்கு முன்னால்

ஜனவரி 17
பொங்கல் முடிந்ததும் மன்னார்குடி வீட்டில் வேலையைத் தொடங்கிவிட்டோம். கூடத்துக்கு டைல்ஸ். கொத்தனார் தண்ணீர் டியூப் பிடித்து, நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டார். கோட்டிலிருந்து தரைக்கு அளந்தால் ஓரங்களில் 36 அங்குலம், நடுக்கூடத்தில் 37½.

“கலவையக் கனமா போட்டு ஏத்திரலாம் தம்பி, மேல டைல்ஸ் வந்தா தெரியாது” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இறங்கிய தரை இன்னும் இறங்காது என்பதற்கு என்ன உறுதி? கம்பியால் தட்டிக்கொண்டே போனோம். ஓரத்தில் கெட்டிச் சத்தம், நடுவில் பொக்கைச் சத்தம். “உடைச்சே பார்த்துரலாம் அண்ணே” என்றேன்.

ஜனவரி 18
அம்மா காலையிலேயே சித்தி வீட்டுக்குப் போய்விட்டார். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து மினுக்கிய சிவப்பு சிமெண்ட் தரை அது. உடைவதைப் பார்க்க மனசு வராது.

தளத்துக்கும் அடிமண்ணுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி! அஸ்திவாரம் தோண்டிய களிமண்ணையே அந்தக் காலத்தில் உள்ளே கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். போதாததற்கு எலி வளை வேறு. இதன் மேல் கலவையை ஏற்றியிருந்தால் பாரம்தான் கூடியிருக்கும்.

ஜனவரி 20
களியை அள்ளிவிட்டு, வளைகளைக் கான்கிரீட்டால் அடைத்து, கிராவல் நிரப்பினோம். இந்த வேலை முடியும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பகுதி பொலபொலவென்றே கிடக்கும். அரை அடி கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, அப்புறம்தான் அடுத்த அரை அடி. முடித்தபின் குதிகாலை ஊன்றினாலும் தடம் விழவில்லை.

ஜனவரி 22
நேற்று சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 விகிதத்தில் 4 அங்குலக் கான்கிரீட். இன்று அதன் மேல் 1:4 சிமெண்ட்-மணல் பூச்சு, ஓரத்துப் பழைய தளத்தின் மட்டத்துக்கு. டைல்ஸைக் கலவையில் பதிக்காமல் பசையில் ஒட்டப் போகிறோம். கலவை என்றால் தரை இரண்டு அங்குலம் ஏறும். பசைக்கு முக்கால் அங்குலம்தான், கதவுகளின் அடியை ஆசாரி அவ்வளவு இழைத்தால் போதும். ஆனால் பசை பள்ளம் மேட்டைச் சரிக்கட்டாது. தளமே மட்டமாக இருக்க வேண்டும்.

ஓரத்தில் மிச்சமிருந்த சிவப்புப் பூச்சையும் கொத்தி எடுக்கச் சொன்னேன். அத்தனை வருஷ எண்ணெய் ஊறிய வழுவழுப்பில் பசை பிடிக்காது.

ஜனவரி 30
பூச்சு இறுகுவதற்காகப் பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர் தேக்கி வைத்தாயிற்று. இன்று பத்தடி அலுமினிய மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பார்த்தோம். பலகைக்கு அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது. பெரிய டைல்ஸுக்கு அதற்கு மேல் போனால் மூலைகள் தூக்கி நிற்கும். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் மட்டும் சின்ன மேடு. கொத்தனாரே கிரைண்டர் பிடித்துத் தேய்த்து, மறுபடி பலகை வைத்துக் காட்டினார்.

வாசல் பக்கம் முழு டைல்ஸ், வெட்டுத் துண்டுகள் பீரோ வரும் சுவரோரம் என்று நூல் பிடித்து வைத்திருக்கிறோம். நாளைக்கு ஒட்ட ஆரம்பிக்கிறார்.