ஒரு நூல்

6 ஜனவரி 2024, சனி

கிராங்க், அதாவது என்ஜினுக்குள் சுற்றுகிற தண்டு, அதன் வயிற்றுக்குள் இருக்கும் கசடுக் குழாயை இன்று திறந்தேன். இந்தப் பழைய டிரையம்ஃப் மோட்டார் சைக்கிள் என்ஜினில் ஆயிலை வடிகட்ட கம்பி வலைதான் உண்டு. அதற்குத் தப்பிய பொடி அழுக்கு, கிராங்க் சுற்றுகிற சுற்றில் ஓரம் ஒதுங்கி இந்தக் குழாயில் படிந்துவிடும். அதன் மூடி தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று தொழிற்சாலையிலேயே ஓரத்தைக் குத்தி நசுக்கியிருப்பார்கள். சூடு காட்டினேன், தட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் துளை போட்டுத்தான் வந்தது. இரண்டு மணி நேரம்.

உள்ளே அறுபது வருடக் கசடு, ஆறிப்போன களி மாதிரி. இன்னும் கொஞ்சம் சேர்ந்திருந்தால் பேரிங்குக்கு ஆயில் போகிற வழி அடைபட்டிருக்கும். வெளியே பார்த்தால் கிராங்க் பளபளவென்றுதான் இருந்தது.

கையை மூன்று தரம் கழுவிவிட்டு அவளுக்குக் காபி போட்டேன்.

9 ஜனவரி, செவ்வாய்

போன் வரவில்லை.

11 ஜனவரி, வியாழன்

போன் வந்தது. கார் இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று ஒரு பையன்.

14 ஜனவரி, ஞாயிறு

போகி. கராஜ் வாசலில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாள். "ஊர்ல எல்லாரும் பழசை வெளியே எறியற நாள். நீங்க காசு கொடுத்து உள்ளே கொண்டு வர்றீங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு துருப்பிடித்த மட்கார்டு வாங்கலாம்.

என்ஜினின் அடிப்பாகம் சேஸிஸில் உட்கார்ந்துவிட்டது. 1957 நார்ட்டன் டாமினேட்டர் 99-இன் சேஸிஸ், 1959 டிரையம்ஃப் டைகர் 110 என்ஜின். இரண்டுக்கும் நடுவே கனமான அலுமினியத் தகடுகள், பின்னால் ஏ.எம்.சி. கியர்பாக்ஸ். டிரையம்ஃப் பாதி, நார்ட்டன் பாதி, பெயர் டிரைட்டன். நார்ட்டன் பர்மிங்ஹாம், டிரையம்ஃப் இங்கே கவென்ட்ரி, குண்டு விழுந்த பிறகு பக்கத்து மெரிடன். இருபது மைலுக்குள் பெண்ணெடுத்த சம்பந்தம். அப்படியும் ஒட்ட மாட்டேன் என்கிறது.

என்ஜின் பல்சக்கரத்தின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து கிளட்ச் வரை நீட்டினால் இடைவெளி தெரிகிறது. என்ஜின் பக்கம் உள்ளே தள்ளியிருக்கிறது. எவ்வளவு? ஒரு நூல். எட்டிலொரு அங்குலம். அப்பா எல்லாவற்றையும் நூலில்தான் சொல்வார், கதவு ஒரு நூல் இடிக்குது, அலமாரி ரெண்டு நூல் சாயுது என்று.

ஒரு நூல் கோணலோடு ஓடினால் செயின் முதலில் முனகும், அப்புறம் பல்லைத் தின்னும்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல் கிழக்கே வழிந்தது என்கிறாள். இந்தச் சமையலறையில் கிழக்கு எது என்பது ஒன்பது வருடச் சண்டை. விட்டுக்கொடுத்தேன்.

17 ஜனவரி, புதன்

தாளில் பதினான்கு மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது.

கராஜுக்கு வந்து வெர்னியரை 14-இல் திறந்து வைத்துப் பார்த்தேன். நாலரை நூலுக்குக் கொஞ்சம் குறைவு. மூடி டப்பாவில் போட்டுவிட்டேன்.

20 ஜனவரி, சனி, விடிகாலை 2.30

தூக்கமில்லை. ராத்திரி சின்னவள் வீடியோவில் கேட்டாள், "முழு வண்டியாவே ஒண்ணு வாங்கியிருக்கலாமே அப்பா?" அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். விடியும்வரை வேறென்ன செய்வது.

பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் செய்த சேஸிஸ் இது. 1950-இல் நார்ட்டன் ரேஸ் வண்டிகளில் வந்தது. ஓட்டிப் பார்த்த ஹரால்ட் டேனியல் இறகு மெத்தையில் போவது போல இருக்கிறது என்றார். ஃபெதர்பெட் என்ற பெயர் அதிலிருந்து. வளைவில் தண்டவாளம் பிடித்த மாதிரி போகும். அதே காலத்தில் 500 சிசி குட்டி ரேஸ் கார்களுக்கு நார்ட்டனின் ரேஸ் வண்டியான மேங்ஸின் என்ஜின்தான் வேண்டும் என்று அலைந்தார்கள். என்ஜினை மட்டும் நார்ட்டன் விற்காது. ஆகவே முழு வண்டியை வாங்கி என்ஜினைப் பிடுங்கிக்கொண்டார்கள். உயிரில்லாத நல்ல நல்ல உடம்புகள் மிஞ்சின. இன்னொரு பக்கம் டிரையம்ஃப் 650, வேகமான என்ஜின், ஆனால் அதன் சொந்த சேஸிஸ் வளைவில் நெளியும். யாருக்கோ இரண்டையும் சேர்க்கத் தோன்றியது. 1965-இல் பார்சிலோனா 24 மணி நேரப் பந்தயத்தில் டேவ் டெகன்ஸும் ரெக்ஸ் புட்சரும் ஜெயித்தது ஒரு டிரைட்டனில்தான்.

"அது சரி, உங்களுக்கு எதுக்கு?" என்றாள். நல்ல கேள்வி.

மேலே அவள் இருமுகிறாள். சும்மா இருமல்தான்.

23 ஜனவரி, செவ்வாய்

தபாலில் வரவழைத்த கியர்பாக்ஸ் பேரிங் அளவு தப்பு. கடைக்காரனுக்குப் போன் செய்தால் நான்தான் தப்பாக அளந்தேனாம். கத்திவிட்டேன். பேரிங்குக்குக் கத்துகிற கத்தல் இல்லை அது. அரை மணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பேரிங் என்னவோ தப்புதான்.

25 ஜனவரி, வியாழன்

வியாழக்கிழமைதான் எல்லா டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்களாம். எத்தனை மணிக்கென்று சொல்லவில்லை. ஆகவே நாள் முழுவதும்.

எதிர் வீட்டுப் பெரியவர், மெரிடனில் வேலை பார்த்தவர், எண்பத்தொரு வயது. அந்தத் தொழிற்சாலை 1983-இல் மூடியது. இடத்தில் இப்போது வீடுகள். அவர் ஷெட்டில் ஒரு பழைய லேத் இருக்கிறது. நூல் கணக்கைச் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார், "நூல், நூல்." பிறகு அங்குலத்தில் ஆயிரத்தில் நூற்றிருபத்தைந்து என்று சாக்பீஸில் எழுதிக்கொண்டு ஒரு வளையம் கடைந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவும் இல்லை. லேத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பல்சக்கரத்துக்குப் பின்னால் வளையத்தைப் போட்டு ஸ்கேலை வைத்தேன். வெளிச்சம் புகவில்லை. அப்புறம்தான் புதுக் கவலை. சக்கரம் ஒரு நூல் வெளியே வந்துவிட்டதால் நட்டுக்கு இரண்டு மூன்று மரை குறைகிறது. பிடிக்குமா? ஏற்கெனவே இந்த வண்டியில் மரைக் கூத்து கொஞ்சமில்லை. விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் மரை ஒரு பக்கம், சைக்கிள் மரை ஒரு பக்கம். விட்வொர்த் ஸ்பானரில் போட்டிருக்கும் எண் போல்ட்டின் தடிமன், தலையின் அளவில்லை. மரை கழண்டவன்தான் இதற்குள் கை வைப்பான்.

ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. போன் இல்லை.

27 ஜனவரி, சனி

செம்பு ஹெட் பேக்கிங்கை புளோ லேம்ப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி தண்ணீரில் போட்டேன். ஒரு தரம் நசுங்கிய செம்பு இறுகிப்போயிருக்கும். காய்ச்சினால்தான் மறுபடி இளகும். ஹெட் ஏறிவிட்டது.

கியரைப் போட்டுப் பார்த்தேன். டிரையம்ஃப்காரர்கள் இதில் தடுமாறுவார்களாம், அவர்கள் வண்டியில் முதல் கியர் கீழே. நார்ட்டனில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே, எல்லாம் வலது காலில். என் கால் யோசிக்கவே இல்லை. அப்பாவின் திருவொற்றியூர் புல்லட்டும் இப்படித்தான், மேலே ஒன்று, கீழே மூன்று. முப்பது வருடமாக அந்தக் கால் எனக்குச் சொல்லாமல் ஞாபகம் வைத்திருந்திருக்கிறது.

பிளக் இல்லாமல் இருபது உதை. ஆயில் ஏறித் தொட்டிக்குத் திரும்புகிறது. "முட்டி பத்திரம்" என்று உள்ளேயிருந்து குரல்.

நட்டு. அந்த மரை.

29 ஜனவரி, திங்கள்

கூப்பிட்டார்கள். நாளை 9.40. கூட ஒருவரை அழைத்து வரச் சொன்னார்களாம். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று நாங்கள் இருவருமே பேசவில்லை.

30 ஜனவரி, செவ்வாய்

ஐந்து மணிக்கே எழுந்து வளையத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். நட்டு ஏழு சுற்று ஏறுகிறது. ஏழு போதும் என்று பெரியவர் சொன்னார். பூட்டு வாஷரின் காதை மடக்கிவிட்டேன். பிளக் போட்டாயிற்று. பெட்ரோல் ஊற்றவில்லை, வந்து ஊற்றிக்கொள்ளலாம்.

நகத்தில் கறுப்பு போகவில்லை. "இந்தக் கையோடவா அங்கே வரப்போறீங்க" என்கிறாள். காரின் கண்ணாடியில் பனி கட்டியிருக்கிறது, சுரண்ட வேண்டும்